மீதி இல்லை என்று எழுதிய மாதங்கள்

குனோங் ராபாட்டில் நான் வேலை பார்த்த குழந்தைக் காப்பகத்தில் வாரத்தில் ஐந்து நாளும் பகல் பன்னிரண்டரைக்கு ஒரு படம் எடுப்போம். பிள்ளைகளை அல்ல, அவர்கள் சாப்பிட்டு முடித்த கிண்ணங்களை. பதினோரு பிள்ளைகளுக்குப் பதினோரு பிளாஸ்டிக் கிண்ணம். ஒவ்வொன்றின் விளிம்பிலும் பெயர் ஒட்டியிருக்கும். சமையல் மேடையில் இரண்டு வரிசையாக வைத்து, உள்ளே ஒரு பருக்கைகூட இல்லை என்று தெரியும்படி மேலிருந்து எடுத்து, அம்மாக்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்புவோம். தொழிற்சாலையிலும் அலுவலகத்திலும் சாப்பாட்டு வேளையில் இருக்கும் அம்மாக்களிடமிருந்து கும்பிடும் கைகளும் சிவப்பு இதயங்களும் வந்து விழும்.

யோசனை காப்பகத்தை நடத்தியவருடையது. என்னைவிடப் பதினெட்டு வயது இளையவர். எல்லாரும் அவரை டீச்சர் என்பார்கள், நானும்தான். அவர் என்னை அக்கா என்பார்.

"வேற எந்தத் தாஸ்காவுலயும் இது இல்லக்கா," என்பார். இங்கே காப்பகத்துக்கு மலாயில் தாஸ்கா என்றுதான் பெயர். "அவங்கல்லாம் புள்ளைங்க பாட்டுப் பாடுற வீடியோ அனுப்புறாங்க. பாட்டுல வயிறு ரொம்புமா லா?"

முப்பது ஆண்டுகள் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் இந்த வேலைக்கு வந்தேன். சோறு ஊட்டுவதும் பதிவேடு எழுதுவதும் என் பொறுப்பு. வந்த நேரம், தூங்கிய நேரம், மலம், காய்ச்சல், சாப்பாடு எல்லாவற்றுக்கும் நானே கோடு போட்டுக் கட்டங்கள் வரைந்திருந்தேன். சாப்பாட்டுக் கட்டத்துக்கு நான் வைத்த தலைப்பு 'மீதி'. அதன் கீழே பெரும்பாலும் ஒரே சொல்தான் இருக்கும்: இல்லை. மாதக் கடைசியில் பக்கத்தைப் புரட்டும்போது மேலிருந்து கீழாக 'இல்லை, இல்லை' என்று ஓடும் அந்த வரிசையைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருக்கும்.

தேதிகள் எல்லாம் என் குறிப்பேட்டில் இருக்கின்றன. நான் சொல்லப்போகும் பிள்ளையையும் அதன் தாயையும் யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதால் இங்கே கிழமைகளை மட்டும் சொல்கிறேன்.

தைப்பூசம் முடிந்த இரண்டாவது திங்கட்கிழமை அவள் வந்து சேர்ந்தாள். வயது ஒரு வருடம் பத்து மாதம். வெள்ளை ரப்பர் செருப்பு, நெற்றியில் பெரிய கறுப்புப் பொட்டு, கன்னத்தில் ஒன்று. தாய் புந்தோங்கில் குடியிருந்தாள், கையுறைத் தொழிற்சாலையில் வேலை. கணவன் ஜொகூருக்கு லாரி ஓட்டுகிறவன். வாரத்தில் இரண்டு இரவு வீட்டில் இருந்தால் அதிகம். காலை ஆறே முக்காலுக்கு மோட்டார் சைக்கிளில் முன்னால் கட்டிய சின்ன நாற்காலியில் பிள்ளையை வைத்துக் கொண்டுவருவாள்.

முதல் நாளே என்னைத் தனியாக அழைத்துச் சொன்னாள். "அக்கா, புள்ள சாப்புடுறதுல கொஞ்சம் மெதுவு. நீங்கதான் பாத்துக்கணும். ஆயர் தாவார்ல என் மாமியாரு இருக்காங்க. நான் வேலைக்குப் போறதே அவங்களுக்குப் பிடிக்கல. புள்ள எளச்சிருச்சின்னா நாங்களே கொண்டாந்து வளத்துக்கிறோம்னு சொல்லிட்டாங்க. இவரும் சரின்னுதான் தலைய ஆட்டுறாரு."

"எளைக்காது மா. என்கிட்ட விட்டுட்டீங்கல்ல," என்றேன்.

அன்று முதல் கிண்ணப் படத்தில் தன் பிள்ளையின் கிண்ணத்தை மட்டும் வெட்டியெடுத்து அவள் ஆயர் தாவாருக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். இது எனக்குப் பல மாதங்கள் கழித்துத்தான் தெரிந்தது.

எப்படி ஊட்டினேன் என்பதை மறைக்காமல் எழுத வேண்டும். பிள்ளையை மடியில் குறுக்கே சாய்த்து, தலையை இடது முழங்கை வளைவில் அடக்கிக்கொள்வேன். அதே இடது கையின் இரண்டு விரல்களால் கன்னங்களை மெல்ல அழுத்தினால் வாய் திறக்கும். கரண்டியைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்து, விழுங்கும்வரை தாடையைப் பிடித்திருப்பேன். அழுதால் இன்னும் சுலபம், வாய் தானாகத் திறந்திருக்கும். இதை யாரும் எனக்குக் கற்றுத்தரவில்லை. நான் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அம்மா பால் மரம் வெட்டப் போனதும் என்னை ஆயாக் கொட்டகையில் விடுவார்கள். ஆயா ஒருத்தி, பிள்ளைகள் இருபதுக்கு மேல், ஒரே பேசின், ஒரே கரண்டி. அந்தப் பிடி என் கைக்கு எப்படியோ வந்திருந்தது. நான் கோபக்காரி அல்ல. பாட்டுப் பாடிக்கொண்டேதான் ஊட்டுவேன்.

அவள் முதல் வாரம் தலையைத் திருப்பினாள். இரண்டாவது வாரம் கையால் தட்டினாள். மூன்றாவது வாரம் எதிர்ப்பதை விட்டுவிட்டாள். பழகிவிட்டாள் என்று பதிவேட்டில் எழுதினேன்.

ஜூன் மாதப் பள்ளி விடுமுறை முடிந்த வாரம், செவ்வாய்க்கிழமை. அன்று நெத்திலியும் பூசணிக்காயும் போட்ட கஞ்சிச் சோறு. பன்னிரண்டு பத்துக்குக் கிண்ணம் காலி. பன்னிரண்டரைக்குப் படம். பிள்ளைகள் எல்லாரும் பாயில் படுத்துத் தூங்கினார்கள். இரண்டே முக்காலுக்கு அவளை எழுப்பினேன். முகம் துடைத்துவிட்டபோது வலது கன்னம் உப்பியிருப்பதைப் பார்த்தேன். பல்வலியோ என்று நினைத்து விரலை விட்டுத் தடவினேன். உள்ளே ஒரு உருண்டை சோறு. இரண்டரை மணி நேரத்துக்கு முன்னால் நான் வைத்தது. புளித்துப்போயிருந்தது.

விழுங்காமல், துப்பாமல், அப்படியே கன்னத்தில் அடக்கிக்கொண்டு தூங்கியிருக்கிறாள். துப்பினால் நான் வழித்து மறுபடியும் வைப்பேன் என்று அவளுக்குத் தெரியும். விழுங்கினால் அடுத்த கரண்டி வரும். அப்போதுதான் இரண்டு வயது தாண்டிய பிள்ளை இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள். எத்தனை நாளாக என்று எனக்குத் தெரியாது. தூக்கத்தில் அது தொண்டைக்குள் போயிருந்தால் என்று நினைத்துக்கொண்டே அவளைக் குழாயடிக்குத் தூக்கிப் போனேன்.

வாயைக் கழுவிவிட்டேன். அவள் அழவில்லை. என் விரல் வெளியே வந்ததும் உதடுகளை இறுக மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

அன்றைய கட்டத்தில் 'மீதி: இல்லை' என்று ஏற்கெனவே எழுதியிருந்தேன். பேனாவை எடுத்தேன், வைத்துவிட்டேன். டீச்சரிடம் சொல்லவில்லை. தாயிடமும் சொல்லவில்லை. எனக்கு வரலாற்று நூல்கள் படிக்கும் பழக்கம் உண்டு. பழைய பதிவேடுகளில் எழுதியவனுக்கு எது வேண்டுமோ அதற்குத்தான் கட்டம் இருக்கும், மற்றதெல்லாம் மறைந்துபோகும் என்று பிறரைப் பற்றி எவ்வளவோ முறை குறிப்பு எடுத்திருக்கிறேன். நான் வரைந்த கட்டத்தில் கிண்ணத்துக்கு இடம் இருந்தது, பிள்ளைக்கு இல்லை.

ஒன்பது நாள் கழித்து, வியாழக்கிழமை, சுகாதாரக் கிளினிக்கிலிருந்து ஒரு மிஸ்ஸி வந்தார். தாதியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். இளம் மலாய்ப் பெண். பிள்ளைகளை எடை போட வந்தவர், சாப்பாட்டு வேளையில் கொஞ்ச நேரம் சுவரோரம் நின்று நாங்கள் ஊட்டுவதைப் பார்த்தார். குறை ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளைகள் தூங்கியதும் என்னைத் தரையில் உட்காரச் சொல்லி, டீச்சர் கையில் ஒரு கிண்ணத்தைக் கொடுத்து, பிள்ளைகளுக்கு ஊட்டுகிற மாதிரியே எனக்கு ஊட்டும்படி மலாயில் சொன்னார்.

டீச்சருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அக்கா, ஆ காட்டுங்க. ஏரோப்ளேன் வருது பாருங்க, ஏரோப்ளேன்! சுபாங் ஏர்போர்ட்ல எறங்கப் போவுது."

"ஒங்க ஏரோப்ளேன் கரண்டி பெருசா இருக்கு டீச்சர்."

"பேசாம முழுங்குங்க லா. முழுங்குனாத்தான் பார்க்குக்குக் கூட்டிட்டுப் போவேன்."

முதல் கரண்டி வரை நானும் சிரித்தேன். இரண்டாவதை விழுங்குவதற்குள் மூன்றாவது உதட்டில் இடித்தது. தலையை நகர்த்தினேன். டீச்சரின் இடது கை, வழக்கப்படி, என் பிடரிக்கு வந்துவிட்டது. எனக்குக் கண்ணில் நீர் வந்தது. டீச்சர் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார்.

மிஸ்ஸி சொன்னதெல்லாம் எளிமையானதுதான். பிள்ளையின் எதிரில், அதன் கண் உயரத்துக்கு உட்காருங்கள். கரண்டியை அதன் கையில் கொடுங்கள், சிந்தட்டும். வாய் திறந்தால் கொடுங்கள். தலையைத் திருப்பினால், உதட்டை மூடினால், கரண்டியைத் தள்ளினால் அது உங்களிடம் பேசுகிறது, நிறுத்திவிடுங்கள். பசிக்கும் வயிறு நிறைந்ததற்கும் அதற்கு வித்தியாசம் தெரியும், நீங்கள் கலைக்காமல் இருந்தால். பிறகு அந்தப் பிள்ளையின் சுகாதாரப் புத்தகத்தைப் புரட்டி, எடைக்கோட்டில் ஒரு குறையும் இல்லை, சின்ன உடம்புக்காரி, அவ்வளவுதான் என்றார்.

மறுநாளே தொடங்கினேன். பதிவேட்டில் 'மீதி' என்ற தலைப்பை அடித்துவிட்டு, 'என்ன செய்தாள்' என்று எழுதினேன். அவளைப் பாயில் உட்காரவைத்து, எதிரில் நானும் ஒரு கிண்ணத்தோடு உட்கார்ந்தேன். முதல் நாள் அவள் கிண்ணத்தைத் தொடவில்லை. நான் கையை உயர்த்தியபோதெல்லாம் தலையைப் பின்னுக்கு இழுத்தாள். இரண்டாம் நாளும் அப்படித்தான். ஐந்தாம் நாள் பூசணித் துண்டு ஒன்றை எடுத்து நசுக்கினாள். எட்டாம் நாள் நசுக்கிய விரலை வாயில் வைத்தாள். மூன்றாவது வாரம் நான்கு கரண்டி, தானே. நான்காவது வாரம் ஏழு. நடுவில் ஒரு வாரம் சளி, மறுபடி இரண்டு. எல்லாவற்றையும் எழுதினேன்.

ஆறாவது வாரம் வெள்ளிக்கிழமை, பதினொன்று ஐம்பதுக்கு, கிண்ணத்தை என் பக்கம் தள்ளினாள். போதும் என்கிறாள் என்று நினைத்து எடுக்கப்போனேன். அவள் கிண்ணத்தை விடவில்லை. "வேணும்" என்றாள்.

இந்த வேலையில் எனக்கு அதைவிடப் பெரிய நாள் ஒன்று இல்லை.

ஆனால் படம் மாறிவிட்டிருந்தது. டீச்சர் வழக்கத்தை நிறுத்தவில்லை. "படம் வரலன்னா அம்மாங்க பயந்துருவாங்கக்கா. மீதி இருந்தா இருக்கட்டும், உள்ளது உள்ளபடி எடுப்போம்," என்றார். மற்றப் பிள்ளைகளின் கிண்ணங்களில் கொஞ்சம்தான் கிடந்தது. இவள் கிண்ணத்தில் பாதி, சில நாள் முக்கால். கூடவே நான் அவள் தாய்க்குத் தனியாக ஒரு குறுஞ்செய்தியும் அனுப்பினேன்: இன்று நான்கு கரண்டி, பிறகு முகத்தைத் திருப்பினாள், நிறுத்தினேன். உண்மையை எழுதுகிறோம் என்ற நிம்மதியில் அதை யார் எங்கே நின்று படிக்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை.

ஒரு புதன்கிழமை மாலை தாய் தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள்.

"அக்கா, என்னாக்கா நடக்குது? முன்னல்லாம் தெனமும் காலிக் கிண்ணம் வரும். இப்ப என்னா நாலு கரண்டி, அஞ்சு கரண்டி?"

"இப்ப அதுவா சாப்புடுது மா. மிஸ்ஸி எடை போட்டுப் பாத்தாங்க. கோடு நல்லா இருக்கு."

"என் மாமியாருக்குக் கோடு தெரியாதுக்கா. கன்னம்தான் தெரியும்." கைப்பேசியை நீட்டினாள். ஆயர் தாவாருக்கு அவள் அனுப்பியிருந்த கிண்ணப் படங்கள், மாதக்கணக்காக, ஒன்றன்கீழ் ஒன்று. காலி, காலி, காலி. பிறகு பாதி. அதன் கீழே மாமியாரின் குரல் பதிவுகள். ஒன்றை ஒலிக்கவிட்டாள். கோபக் குரல் இல்லை. "பாவம் புள்ள, பட்டினி போடுறாங்களே மா" என்று ஒரு வயதான அம்மாள் அழுதுகொண்டிருந்தார்.

"அக்கா, ஒன்னு கேக்குறேன். தப்பா எடுத்துக்காதீங்க. படம் எடுக்குறதுக்கு முன்னால மீதிய வேற எதுலயாச்சும் கொட்டிட்டு எடுங்களேன். எனக்கு மட்டும். அவங்க தீபாவளிக்குப் புள்ளய நேர்ல பாக்குற வரைக்கும் போதும்."

"பொய்யா எல்லாம் எடுக்க முடியாது மா," என்றேன்.

எவ்வளவு சுலபமாகச் சொன்னேன். அந்தக் காலிக் கிண்ணங்கள்தான் பொய் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். கன்னத்தில் இருந்த சோற்றைப் பற்றிச் சொல்லியிருந்தால் அவள் என் மேல் கத்தியிருப்பாள், டீச்சரிடம் போயிருப்பாள், என்னை வேலையை விட்டு நீக்கியிருப்பார்கள். ஆனால் இந்தப் பாதிக் கிண்ணம் என்ன என்று அவளுக்குப் புரிந்திருக்கும். மாமியாரிடம் சொல்ல அவளிடம் ஒரு பதில் இருந்திருக்கும்.

"அப்ப முன்ன மாதிரியே ஊட்டிவிடுங்கக்கா. உங்க கையிலதானே அது நல்லா சாப்புட்டுச்சு."

பிள்ளையின் பையை எடுத்துக் கொடுத்தேன்.

தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை மாமனாரும் மாமியாரும் வாடகை வேனில் வந்து பிள்ளையைக் கொண்டுபோய்விட்டார்கள். திங்கட்கிழமை தாய் போன் செய்து டீச்சரிடம் மட்டும் சொன்னாள்.

தீபாவளி கழிந்து மூன்றாவது வாரம் புந்தோங்குக்குப் போனேன். கோயிலுக்குப் பின்னால் வரிசை வீடு. அவள் வேலைச் சீருடையில் வாசலில் நின்றிருந்தாள், தொழிற்சாலை பஸ்ஸுக்காக. உள்ளே கூப்பிட்டாள். நான் கேட் அருகிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். பிடித்த பிடியை, கன்னத்துச் சோற்றை, அன்று எழுதிய 'இல்லை'யை, பிறகு பிள்ளை தானாக வேணும் என்று கேட்டதை.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான்தான்க்கா புள்ளயோட துணிய மடிச்சு பையில வச்சு அவங்ககிட்ட குடுத்தேன். அங்க போனாலாச்சும் நல்லா சாப்புடும்னு." பிறகு, "அங்கயும் ஊட்டத்தான் செய்யறாங்க. டிவி போட்டுட்டு. எல்லாம் முடிச்சிருதாம்," என்றாள்.

"கூட்டிட்டு வந்துருங்க மா."

"என்னான்னு சொல்லிக் கேக்குறது? தாஸ்கால வாய அமுக்கி ஊட்டுனாங்க, அதான் சாப்புடலன்னா? அதக் கேட்டா இன்னும் தர மாட்டாங்கல்ல." பஸ் வந்துவிட்டது. ஏறுமுன் திரும்பி, "வாரேன் கா" என்று மட்டும் சொன்னாள். அந்த மரியாதையை என்னால் தாங்க முடியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பகல் ஒன்று இருபதுக்கு அவளிடமிருந்து வீடியோ அழைப்பு. ஆயர் தாவாரில் இருந்தாள். பிள்ளை போனபின் இரவு வேலைக்கு மாறியிருந்தாள், அன்று ஏழு மணிக்குத் தொடக்கம்; இரண்டு மணி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும்.

"அக்கா, நீங்க எப்படி ஒக்காருவீங்கன்னு சொல்லுங்க. நானும் அப்படி ஒக்காருறேன்."

சொன்னேன். கைப்பேசியைத் தண்ணீர்க் கூஜாவில் சாய்த்து வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். எதிரில் பிள்ளை. முடி வெட்டியிருந்தார்கள், கன்னம் பூசினாற்போல் இருந்தது. நடுவில் கிண்ணம், சோறும் பருப்பும். டிவியை நிறுத்தச் சொன்னேன், நிறுத்தினாள். பிள்ளை நிமிர்ந்து வாயைத் திறந்தாள். யாரும் கரண்டியைத் தூக்கவில்லை. அப்படியும் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

தாய் என்னைப் பார்த்தாள். கரண்டியை அவள் கையில் கொடுங்கள் என்றேன். கொடுத்தாள். பிள்ளை கரண்டியைப் பார்த்தாள், தாயைப் பார்த்தாள். வாயை மூடினாள். அப்படியே சில நிமிடங்கள் போயின. பின்னால் மாமியாரின் குரல் கேட்டது. "என்ன மா வெளையாடிக்கிட்டு? ஆறிப்போவுதுல்ல."

"கொஞ்சம் இருங்கத்தே. அதுவா எடுக்கும்."

ஒரு விரல் சோற்றில் பட்டது. தாய் மூச்சைப் பிடித்துக்கொண்டாள், நானும். விரல் அங்கேயே நின்றது. எனக்குத் தெரியும், இதற்கு எட்டு நாள் ஆகும், சளி பிடித்தால் இன்னும் ஒரு வாரம் ஆகும். அவளிடம் இருபது நிமிடம் இருந்தது.

"ஏய், பஸ்ஸுக்கு நேரமாச்சு," என்று வெளியிலிருந்து ஆண்குரல், மாமனாராக இருக்க வேண்டும்.

"இன்னும் அஞ்சு நிமிஷம்," என்றாள். எழவில்லை. மறுபடியும் கூப்பிட்டார்கள்.

மாமியார் வந்து பிள்ளையின் அருகில் உட்கார்ந்தார். அப்போதுதான் அவரைப் பார்த்தேன். மெலிந்த, சாந்தமான முகம். மருமகளின் தோளைத் தொட்டார். "நீ போயிட்டு வா மா. நான் குடுத்துர்றேன். என் தங்கம் பசியோட கெடக்கலாமா?" என்றபடி பிள்ளையை மடியில் சாய்த்து, தலையை முழங்கைக்குள் அணைத்துக்கொண்டார்.

தாய் எழுந்து கைப்பேசியை எடுத்தாள். அழைப்பை நிறுத்த மறந்துவிட்டாள் என்று நினைக்கிறேன். திரையில் உத்தரம், நிலைப்படி, வானம். உள்ளே டிவி மறுபடியும் ஓடத் தொடங்கியது. "ஆ காட்டு, ஆ..." என்ற குரல் சின்னதாகிக்கொண்டே போனது. பிள்ளை அழவில்லை. பிறகு கல் பாதையில் அவளுடைய செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. நடுவில் ஒரு முறை அது நின்றது, மறுபடி நடந்தது. பஸ் வந்து கதவு திறக்கும் வரை நான் கேட்டுக்கொண்டே இருந்தேன்.